சேமித்த கோப்பு கடக்கும் எல்லை

மேக் கணினியில் ஒரு பிஎச்பி கோப்பைத் திருத்திச் சேமிக்கிறோம். எடிட்டர் அதை இயக்குதளத்திடம் ஒப்படைக்கிறது. ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை எஸ்எஸ்டியில் எழுதிவைக்கிறது. எழுதியவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோப்பைப் படிக்க வேண்டிய பிஎச்பி இந்த இயக்குதளத்தில் ஓடவில்லை. அதே கணினியின் நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் ஓடுகிறது. அதற்குள் ஒரு கண்டெய்னர் இருக்கிறது. பிஎச்பி இருப்பது அங்கே. சேமித்த நொடிக்கும் உலாவியில் மாற்றம் தெரியும் நொடிக்கும் இடையே அந்தக் கோப்பு ஒரு கெர்னலின் ஆட்சியிலிருந்து இன்னொரு கெர்னலின் ஆட்சிக்குள் போயாக வேண்டும்.

டாக்கர் மெதுவாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் நிரலாளர்களிடம் எது மெதுவாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பக்கம் வர நான்கு விநாடி ஆகிறது என்பார்கள். டெஸ்ட் ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம் என்பார்கள். சிபியு அப்போது பெரும்பாலும் சும்மா இருக்கும். கண்டெய்னருக்குள் நடக்கும் கணக்கு வேலையும் வேகமாகவே நடக்கும். நேரம் முழுவதும் அந்த எல்லையில்தான் கரைகிறது. வேகமான மேம்பாட்டுச் சூழலை அமைப்பது என்றால், என் அனுபவத்தில், கோப்பு எந்தப் பக்கம் வாழவேண்டும் என்று முடிவு செய்வதுதான். மற்ற அமைப்புகள் எல்லாம் அந்த முடிவுக்குப் பிறகு வருபவை.

கண்டெய்னர் தனி இயந்திரம் கிடையாது. லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடும் சாதாரண புராசஸ் அது. தனிக் கோப்பு மரம், தனி நெட்வொர்க், தனிப் புராசஸ் எண்கள் என்று கெர்னல் அதற்கு மட்டும் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. இந்தக் காட்சி ஒரே நாளில் உருவானதல்ல. ஒரு புராசஸுக்குக் கோப்பு மரத்தின் வேரையே மாற்றிக் காட்டும் சீரூட் 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. லினக்ஸில் மவுன்ட்களுக்கான நேம்ஸ்பேஸ் 2002-இல் சேர்ந்தது. நினைவகத்தையும் சிபியுவையும் அளந்து கொடுக்கும் சிகுரூப்ஸை கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் அது இடம்பெற்றது. 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரைக் காட்டியபோது, உள்ளே இருந்த துண்டுகள் பலவும் ஏற்கெனவே கெர்னலில் இருந்தவைதான். அவற்றைச் சாதாரண நிரலாளர் கையாளும்படி அவர் சேர்த்துக் கொடுத்தார். லினக்ஸ் சர்வரில் கண்டெய்னர் ஒரு நொடிக்குள் எழுந்து நிற்கிறதென்றால், அங்கே பூட் செய்ய வேண்டிய இயந்திரமே இல்லை என்பதுதான் காரணம்.

மேக்கிலும் விண்டோஸிலும் லினக்ஸ் கெர்னல் இல்லை. எனவே ஒரு கெர்னலைக் கொண்டுவந்து, அதற்கு ஒரு பொய்யான கணினியைக் கட்டிக் கொடுத்து, அதன் மேல் கண்டெய்னரை ஓட்டவேண்டியிருக்கிறது. அந்தப் பொய்க் கணினிதான் மெய்நிகர் இயந்திரம், நாம் வி.எம். என்று சுருக்கிச் சொல்வது. கோப்பின் பயணக் கதை அந்த வி.எம்.மின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் க்ரீஸியின் குழு 1964-இன் இறுதியில் ஒரு வேலையைத் தொடங்கியது. சிஸ்டம்/360 மாடல் 40 கணினி ஒன்றில் முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் கூடுதல் வன்பொருளைச் சேர்த்து, சிபி-40 என்ற கட்டுப்பாட்டு நிரலை எழுதினார்கள். 1967 ஜனவரியில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி 14 கணினிகளாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பயனாளருக்கான சிஎம்எஸ் என்ற எளிய இயக்குதளம். ஒரு நிரலாளருக்கு ஒரு முழுக் கணினி. அவர் அதைக் கவிழ்த்தாலும் அடுத்தவரின் வேலை கெடாது. வி.எம். என்றவுடன் நமக்கு டேட்டா சென்டர் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது தன் பிறப்பிலேயே நிரல் எழுதுகிறவர்களுக்கான சூழலாக இருந்தது. அறுபது ஆண்டு கழித்து நாம் மடிக்கணினியில் அமைக்கப் பாடுபடுவதும் அதையேதான்.

அந்த 14 பேரும் தனித்தனியே வாழ்ந்தால் ஒருவர் எழுதிய கோப்பு இன்னொருவருக்கு எப்படிப் போகும்? இதற்கு சிபி-40-ஐ அடுத்து வந்த சிபி-67-இலும் அதன் பிறகு 1972-இல் ஐபிஎம் வெளியிட்ட வி.எம்./370-இலும் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு மெய்நிகர் அட்டை துளைக்கும் கருவியும் ஓர் அட்டை வாசிப்பானும் இருந்தன. அனுப்புகிறவர் தன் கோப்பை 80 எழுத்து அகல அட்டைகளாகத் துளைப்பார். எந்த அட்டையும் துளைக்கப்படாது. தரவு வட்டில் ஒரு வரிசையில் போய் நிற்கும். பெறுகிறவரின் கணினி, தன் வாசிப்பானில் யாரோ அட்டைக்கட்டு வைத்ததாக எண்ணி அதைப் படித்துக்கொள்ளும். இரண்டு கணினிகளும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கருவியைத்தான் இயக்கின. எல்லை கடக்கவென்று எதையும் புதிதாகக் கற்கவில்லை. ஆனால் இந்த வழியில் கோப்பு முழுதாகப் போகும், பிரதியாகப் போகும். இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் சிக்கல் எழவே எழாது. நாம் இன்று கேட்பது அந்தச் சிக்கலைத்தான்: எடிட்டர் ஒரு கெர்னலில், நிரல் இன்னொரு கெர்னலில், இரண்டுக்கும் ஒரே கோப்பு.

அந்தத் தேவை பரவலானது மடிக்கணினிக் காலத்தில். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007-இல், சாதாரணக் கணினியில் வி.எம்.களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதை சன் வாங்கியது, பிறகு சன்னோடு சேர்ந்து ஆரக்கிளிடம் போனது. 2010-இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வேக்ரன்ட்டைக் கொண்டுவந்தார். என்ன லினக்ஸ் வேண்டும், எவ்வளவு நினைவகம், எந்தெந்த மென்பொருள் என்பதையெல்லாம் ஒரே உரைக் கோப்பில் எழுதிவிட்டால், குழுவில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி இயந்திரம் எழுந்து நிற்கும். திட்டத்தின் ஃபோல்டர் வி.எம்.முக்குள்ளும் தெரியும். நம் கோப்பு முதன்முதலாக அன்றாடம் எல்லை கடக்கத் தொடங்கியது இந்தப் பகிர்வு ஃபோல்டரில்தான்.

கடந்தது, ஆனால் சில நேரம் பழைய உடம்போடு கடந்தது. சிஎஸ்எஸ் கோப்பில் நிறத்தை மாற்றிச் சேமித்தால், உலாவியில் பழைய நிறமே வரும். உலாவியின் கேஷைத் துடைத்தாலும் வரும். சில நேரம் கோப்பு பாதியில் சிதைந்தும் வரும். உள்ளே போய்க் கோப்பைத் திறந்து பார்த்தால் மாற்றம் சரியாக இருக்கும். காரணம் சென்ட்ஃபைல் என்ற கெர்னல் அழைப்பு. எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி போன்ற வலைச் சேவையகங்கள் ஒரு கோப்பை அனுப்பும்போது, அதைத் தங்கள் நினைவகத்துக்கு இழுத்துக்கொள்ளாமல், கெர்னலிடமே கொடுத்து நேராக நெட்வொர்க்குக்கு அனுப்பச் சொல்லும். கெர்னல் தன் பேஜ் கேஷில் இருக்கும் பக்கங்களை அனுப்பிவிடும். மேக் பக்கம் கோப்பு மாறிவிட்டது என்ற செய்தி அந்தப் பேஜ் கேஷுக்கு எட்டவில்லை. சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் சென்ட்ஃபைலை அணைக்கும் ஒரு வரி போதும். வேக்ரன்ட் ஆவணத்திலேயே இந்தக் குறிப்பு இருந்தது. அந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் எத்தனை இரவுகளைத் தொலைத்தார்கள் என்பதை அந்தக் காலத்தில் இணையத்தில் தேடியவர்கள் அறிவார்கள். வேகத்துக்காகக் கெர்னல் செய்யும் நல்ல காரியம், எல்லைக்கு அப்பால் இன்னொரு கெர்னலும் அதே கோப்பைத் தொடும்போது தவறாகிவிடுகிறது. பின்னாளில் வந்த எல்லாத் தீர்வுகளும் போராடியது இந்த ஒரு கேள்வியோடுதான்: நினைவில் வைத்திருப்பதை எப்போது நம்பலாம்?

விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வின் மந்தத்தைச் சகிக்காதவர்கள் என்எஃப்எஸ்ஸுக்குப் போனார்கள். மேக் ஒரு கோப்புச் சேவையகமாகி, வி.எம். அதன் நெட்வொர்க் வாடிக்கையாளர் ஆகும். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் என்எஃப்எஸ் கோப்பின் நேரம், அளவு போன்ற விவரங்களைச் சில விநாடிகள் நினைவில் வைத்திருக்கும். சேமித்தவுடன் பக்கத்தைப் புதுப்பித்தால் பழையது வரலாம். வேறு சிலர் ஆர்சிங்க் என்ற கருவியால் பிரதி எடுத்தார்கள். அது கேம்பிரிட்ஜின் அட்டைக்கட்டு வழியே, புதிய உடுப்பில்.

டாக்கர் வந்தபின் மேக்கில் முதலில் கிடைத்தது பூட்2டாக்கர். டைனி கோர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, முழுதும் நினைவகத்திலிருந்தே ஓடி, சில விநாடிகளில் எழுந்துவிடும் மிகச் சிறிய வி.எம். அது. அடியில் அதே விர்ச்சுவல்பாக்ஸ். 2014-இல் அதன் 1.3 பதிப்பு பயனாளர் ஃபோல்டரை உள்ளே பகிரத் தொடங்கியது. வி.எம். எழும் நேரம் நிமிடத்திலிருந்து விநாடிகளுக்குக் குறைந்தது, கோப்பு கடக்கும் நேரமோ குறையவில்லை.

2016-இல் வந்த டாக்கர் ஃபார் மேக் விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டது. மேக் இயக்குதளத்திலேயே ஆப்பிள் கொடுத்த ஹைப்பர்வைசரின் மேல், ஹைப்பர்கிட் என்ற இலகுவான அடுக்கில் லினக்ஸ் ஓடியது. கோப்புக்கென்று ஓஎஸ்எக்ஸ்எஃப்எஸ் என்ற தனிப் பாதையை எழுதினார்கள். அதன் ஆவணத்தில் அதைச் செய்தவர்கள் தங்கள் அளவுகளை மறைக்காமல் வைத்தார்கள்: சாதாரணக் கோப்பு முறைமையில் ஓர் அழைப்புக்கு 10 மைக்ரோவிநாடிக்குள் ஆகும் தாமதம், இதில் ஏறத்தாழ 130 மைக்ரோவிநாடி. பதின்மூன்று மடங்கு. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பிரச்சினை எங்கே என்று பயனாளரே கணக்குப் போட்டுப் பார்க்க அது வழிவிட்டது.

போட்டுப் பார்ப்போம். 130 மைக்ரோவிநாடி யாருக்கும் தெரியாத நேரம். ஒரு பெரிய வீடியோ கோப்பை அந்த வழியில் படித்தால் குறை தெரியாது. ஆனால் சிம்ஃபனி போன்ற பிஎச்பி கட்டமைப்பு, மேம்பாட்டு நிலையில் ஓடும்போது, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நூற்றுக்கணக்கான, சில திட்டங்களில் ஆயிரக்கணக்கான கோப்புகளிடம் "நீ மாறினாயா" என்று கேட்கும். நோட் ஒரு தொகுப்பைத் தேடும்போது இந்த ஃபோல்டரில் இருக்கிறதா, இல்லையென்றால் மேலே உள்ளதில், அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் பல பின்னொட்டுகளை முயன்று பார்க்கும். இல்லை என்ற பதிலுக்கும் ஒரு பயணம் உண்டு. 10,000 பயணங்களுக்கு 1.3 விநாடி. கிட் தன் நிலையைக் காட்டவும் ஒவ்வொரு கோப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். களத்திலிருந்து நெல்லைக் கைப்பிடி கைப்பிடியாக வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல: பாதை அகலமா என்பது அங்கே கேள்வியே இல்லை, எத்தனை நடை என்பதுதான்.

2017-இல் டாக்கர் இரண்டு சலுகைகளைக் கொடுத்தது. ஒன்றில் மேக் பக்கம் இருப்பதே அதிகாரபூர்வமானது, கண்டெய்னர் சற்றுப் பிந்திய காட்சியைப் பார்க்கலாம். மற்றதில் கண்டெய்னர் எழுதுவது மேக்குக்குச் சற்றுத் தாமதமாக வரலாம். அதாவது இரு பக்கமும் எப்போதும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பயனாளரே தளர்த்திக்கொள்வது. பலருக்கு நிவாரணம் கிடைத்தது. டாக்கர்-சிங்க், மியூட்டஜன் போன்ற ஒத்திசைக்கும் கருவிகளை வேறு சிலர் நாடினார்கள். இரண்டு பக்கமும் முழுப் பிரதி, நடுவே மாற்றங்களை மட்டும் கடத்தும் தூதர். படிப்பது எப்போதும் உள்ளூரிலேயே நடக்கும், ஆகவே வேகம். ஆனால் இரு பக்கமும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் யார் சொல்வது செல்லும் என்ற சிக்கலும் கூடவே வரும்.

கோப்பு போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. சேர்ந்தது என்ற செய்தியும் சேரவேண்டும். இன்றைய நிரலாளர் பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கும் கருவியை நம்பியிருக்கிறார். லினக்ஸில் அந்தச் செய்தியைக் கொடுப்பது ஐநோட்டிஃபை, 2005-இல் 2.6.13 கெர்னலோடு வந்தது. அது தன் கெர்னல் வழியாக நடந்த மாற்றத்தை மட்டுமே அறியும். மேக் பக்கம் நடந்த மாற்றத்தை மேக்கின் எஃப்எஸ்ஈவன்ட்ஸ் அறியும், லினக்ஸ் அறியாது. விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்விலும் என்எஃப்எஸ்ஸிலும் கோப்பு மாறும், செய்தி வராது. அப்போது கண்காணிக்கும் கருவி ஒவ்வொரு விநாடியும் எல்லாக் கோப்புகளையும் போய்ப் பார்த்து வரத் தொடங்கும். மடிக்கணினி சூடாகி மின்விசிறி இரையும். ஓஎஸ்எக்ஸ்எஃப்எஸ் செய்த பெரிய உபகாரம், மேக்கின் செய்தியை ஐநோட்டிஃபை செய்தியாக மாற்றி உள்ளே அனுப்பியது. அதன் மந்தத்தைத் திட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

செய்தி வருவதிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஐநோட்டிஃபை எத்தனை இடங்களைக் கண்காணிக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. பழைய கெர்னல்களில் அது 8,192. பெரிய நோட் திட்டம் அதை எளிதில் தாண்டும். தாண்டினால் கெர்னல் கொடுக்கும் பிழை, வட்டில் இடம் இல்லை என்பதற்கான அதே எண். டிஸ்க் பாதி காலியாக இருக்கும். ஆட்கள் கோப்புகளை அழித்துக்கொண்டிருப்பார்கள். வரம்பை உயர்த்த வேண்டியது வி.எம்.மின் கெர்னலில், கண்டெய்னருக்குள் அல்ல. இன்னொன்று, பல எடிட்டர்கள் சேமிக்கும் விதம். பழைய கோப்பின் மேல் எழுதாமல், புதுக் கோப்பு ஒன்றை எழுதி, பழைய பெயருக்கு மாற்றிவிடும். மின்சாரம் போனாலும் கோப்பு பாதியில் நிற்காது என்பதால் அது நல்ல பழக்கம். ஆனால் ஃபோல்டரை மவுன்ட் செய்யாமல் ஒரே ஒரு கோப்பை மட்டும் கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்திருந்தால், அந்த மவுன்ட் பிடித்திருப்பது பழைய கோப்பின் ஐநோடை, அதாவது கெர்னல் அதை அடையாளம் காணும் பதிவை. பெயர் புதியதற்குப் போய்விட்டது; கண்டெய்னர் பழையதையே படித்துக்கொண்டிருக்கும், மறுபடி தொடங்கும்வரை. அமைப்புக் கோப்பு ஒன்றை மட்டும் உள்ளே தரவேண்டும் என்றாலும், அதை ஒரு ஃபோல்டரில் வைத்து ஃபோல்டரையே மவுன்ட் செய்வது நல்லது.

எல்லை கடக்கும்போது கோப்பின் அடையாளமும் மாறும். மேக்கில் முதல் பயனாளரின் எண் 501; உபுண்டுவில் 1000. உரிமையாளர் யார் என்ற குழப்பத்தில் கண்டெய்னர் எழுத முடியாமல் நிற்பது இதனால்தான். மேக்கின் கோப்பு முறைமை வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பெயரில் பேதம் பார்க்காது. பகிர்ந்த ஃபோல்டரும் அந்தக் குணத்தோடே உள்ளே தெரியும். பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தாலும் இங்கே ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் விழும். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட்டின் வரி முடிவில் ஒட்டிக்கொள்ளும் கூடுதல் எழுத்து, இருக்கும் கோப்பையே இல்லை என்று சொல்லவைக்கும்.

பாதையிலேயே பெரிய மாற்றம் விர்ட்டியோ-எஃப்எஸ்ஸோடு வந்தது. 2019-இல் 5.4 கெர்னலில் சேர்ந்த அது, ஒரு நெட்வொர்க் கோப்பு முறைமையாக நடிக்கவில்லை. விருந்தினரான வி.எம்.மும் புரவலரான இயக்குதளமும் ஒரே கணினியில், ஒரே நினைவகத்தில் இருக்கிறார்கள் என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. லினக்ஸின் ஃபியூஸ் நெறிமுறையில் பேசும் வேண்டுகோள்கள், இரு தரப்பும் பார்க்கக்கூடிய நினைவக வரிசையில் வைக்கப்படுகின்றன. 2021-இல் ஆப்பிள் தன் விர்ச்சுவலைசேஷன் கட்டமைப்பில் இதைச் சேர்த்தது. 2022-இல் டாக்கர் டெஸ்க்டாப்பில் அது முழுதாக வந்தது. அதே காலத்தில், 2021 ஆகஸ்ட் இறுதியில், பெரிய நிறுவனங்கள் டாக்கர் டெஸ்க்டாப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஜப்பானின் என்டிடி நிறுவனத்தில் பணியாற்றும் அகிஹிரோ சுடா அதே ஆண்டில் தொடங்கியிருந்த லீமாவும், அதன் மேல் எழுந்த கோலிமாவும் அப்போது பலர் கைக்கு வந்தன. திறந்த மூல மென்பொருளான லீமா, மேக்கில் லினக்ஸ் வி.எம்.மை ஒரு யாம்ல் கோப்பிலிருந்து எழுப்பித் தரும்.

இன்று ஒருவர் ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் வேகமான சூழல் வேண்டுமென்று கேட்டால், லீமாவையோ கோலிமாவையோ நிறுவி, குவெமு என்ற எமுலேட்டரை விட்டு ஆப்பிளின் விர்ச்சுவலைசேஷன் கட்டமைப்பையும், மவுன்ட்டுக்கு விர்ட்டியோ-எஃப்எஸ்ஸையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கண்டெய்னர் இமேஜ்கள் ஆர்ம்64 வடிவில் இருக்கவேண்டும்; இன்டெல் இமேஜை ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டே ஓடும், ஆப்பிளின் மொழிபெயர்ப்பான் ரோசெட்டா அந்தச் சுமையைக் குறைக்குமே தவிர நீக்காது. நினைவகத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. வி.எம்.முக்குக் கொடுத்த நினைவகத்தில் மீதம் இருப்பதுதான் லினக்ஸின் பேஜ் கேஷ்; அது சுருங்கினால் எல்லை கடக்கும் தடவைகள் கூடும். இன்னும் சுருங்கினால் கெர்னல் புராசஸைக் கொல்லும். கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு விழுந்துகிடக்கும். 128-ஓடு கொல்லும் சமிக்ஞையின் எண் 9-ஐக் கூட்டினால் வருவது அது.

பிறகு கோப்புகளைப் பிரிக்கவேண்டும். நாம் எழுதும் கோப்புகள் சில நூறு. நாம் எழுதாதவை பல பத்தாயிரம். கம்போசர் இறக்கும் வென்டார் ஃபோல்டரும் நோட் மாட்யூல்ஸும் எல்லை கடக்கவேண்டிய தேவையே இல்லை. அவற்றை டாக்கர் வால்யூமில் வைத்தால் வி.எம்.மின் சொந்த வட்டில், லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையில் வாழும். சிம்ஃபனியின் கேஷும் லாகும் அப்படியே. இமேஜ் கட்டும்போதும் இதே எல்லை உண்டு. பழைய பில்டர், கட்டும் முன் திட்ட ஃபோல்டர் முழுவதையும், கிட் வரலாறு உட்பட, வி.எம்.முக்குள் அனுப்பும். டாக்கர்இக்னோர் கோப்பு அதைத் தடுப்பதற்காகவே. பின்னர் வந்த பில்ட்கிட் தேவையானதை மட்டும், அதிலும் மாறியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். சார்புப் பட்டியலை முதலில் நகலெடுத்து, நிறுவி, அதன் பிறகே நம் நிரலை நகலெடுத்தால், நிரலில் ஒரு வரி மாறியதற்காக எல்லாச் சார்புகளும் மறுபடி இறங்காது.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால், எல்லை கடப்பது கோப்பாக இருக்கவே கூடாது. 2019 மே மாதம் விஎஸ் கோடு தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வசதியை அறிவித்தது. திரையும் விசைப்பலகையும் மேக்கில். கோப்பைத் திறப்பது, தேடுவது, சேமிப்பது, பிழைதிருத்துவது எல்லாம் வி.எம்.முக்குள்ளோ கண்டெய்னருக்குள்ளோ ஓடும் இன்னொரு பாதியில். கோப்பு லினக்ஸ் பக்கமே பிறக்கிறது, அங்கேயே படிக்கப்படுகிறது. ஐநோட்டிஃபை நேராகச் சொல்கிறது. உரிமையாளர் எண்ணிலும் எழுத்துப் பேதத்திலும் சிக்கல் இல்லை. எல்லையைக் கடப்பவை நாம் அழுத்தும் எழுத்துகளும், நமக்குக் காட்ட வேண்டிய வரிகளும் மட்டுமே. அவை மனிதரின் வேகத்தில் போகின்றன. 130 மைக்ரோவிநாடி அங்கே ஒன்றுமே இல்லை. விம் பயன்படுத்துகிறவர்கள் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் இதை வெகுகாலமாகச் செய்துவந்தார்கள். என் பரிந்துரை இதுதான். விர்ட்டியோ-எஃப்எஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு அடுத்துத்தான்.

விண்டோஸில் இந்த முடிவை மைக்ரோசாஃப்ட்டே எடுத்துச் சொல்கிறது. 2019-இல் அறிவித்த டபிள்யூஎஸ்எல் 2, உண்மையான லினக்ஸ் கெர்னலை இலகுவான வி.எம்.மில் ஓட்டுகிறது. அதற்குள்ளிருந்து சி டிரைவைப் பார்த்தால், இடையில் பேசப்படுவது 9பி: பெல் லேப்ஸில் பிளான் 9 இயக்குதளத்துக்காக வகுத்த நெறிமுறை. அழகான நெறிமுறை, ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நடை. லினக்ஸ் கருவிகளால் வேலை செய்வதானால் திட்டத்தை லினக்ஸின் வீட்டு அடைவிலேயே வையுங்கள் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. சி டிரைவில் வைத்துவிட்டு டபிள்யூஎஸ்எல் மெதுவாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரே மாற்றம் போதும்: ஃபோல்டரை நகர்த்துவது.

2025 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தக் கண்டெய்னர் கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதில் எல்லாக் கண்டெய்னர்களுக்கும் பொதுவான ஒரே வி.எம். கிடையாது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனித்தனியாக ஒரு சிறிய வி.எம்., ஒரு விநாடிக்குள் எழும்படி. ஒருவருக்கு ஒரு முழுக் கணினி என்ற க்ரீஸியின் ஏற்பாடு, இப்போது ஒரு புராசஸுக்கு ஒன்று என்றாகியிருக்கிறது. எந்தக் கண்டெய்னருக்கு எந்த ஃபோல்டர் வேண்டுமோ அது மட்டும் அதன் வி.எம்.முக்குள் தெரியும், பக்கத்துக் கண்டெய்னருக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு இது பெரிய லாபம். ஆனால் எல்லை ஒன்றாக இருந்தது பலவாகிவிட்டது.

கோப்பை வி.எம்.முக்குள் குடியமர்த்துகிறவர்கள் ஒன்றைச் செய்யவேண்டும். உள்ளே இருப்பது மேக்கின் ஃபைண்டரில் தனித்தனிக் கோப்பாகத் தெரியாது. ஒரே பெரிய வட்டுக் கோப்பாகத்தான் தெரியும். டைம் மெஷினிடமிருந்து ஒற்றைக் கோப்பை மீட்டெடுக்க முடியாது. இடம் போதவில்லை என்று பயன்படாத வால்யூம்களைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தால், நிறுத்திவைத்த திட்டத்தின் வால்யூமும் சேர்ந்து போகலாம். அதற்கு முன் உள்ளே போய் கிட்டின் நிலையைப் பார்த்து, கமிட் செய்யாதவற்றைக் கமிட் செய்து, தொலைவிலுள்ள களஞ்சியத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அது முடிந்தபின் வி.எம்.மை அழித்து, யாம்ல் கோப்பிலிருந்து புதிதாக எழுப்பிக்கொள்ளலாம்.